செல்லுக்கும் பிரேக் உண்டு

என் அக்காவின் தோலில் இருப்பது புற்றுநோய்தானா என்று உறுதியாகச் சொல்ல டாக்டருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. டாக்டர் கெட்டிக்காரர்தான். தாமதத்துக்குக் காரணம் அக்கா. அதை இப்போது அவளே சிரித்துக்கொண்டு சொல்லிக்காட்டுவதால் நானும் தைரியமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஈப்போவில், புந்தோங்கில், ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்காவின் கணவர், எங்கள் மாமா, இறந்த பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். காலையில் சாலையோரம் மேசை போட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்பாள். எனக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை. படிக்க வருகிறவர்கள் என்னைச் 'சிக்கு' என்பார்கள். மலாயில் அது ஆசிரியரைக் கூப்பிடும் முறை. முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்களோ தெரியாது. கத்துவேன் என்று எனக்குப் பெயர் உண்டு. பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்த காரில், ஒரு நாளைக்குப் பத்து முறை சாவைப் பார்க்கிறவள் கத்தாமல் தாலாட்டா பாடுவாள்?

அக்காவுக்கு முதலில் கையில்தான் வந்தது. பழுப்பும் சிவப்புமாக ஒரு திட்டு, அதன் மேல் மெல்லிய செதில். எங்கள் ஊரில் எல்லோரும் அதைக் 'குராப்' என்பார்கள், அதாவது படை. சீன மருந்துக்கடையில் ஒரு சின்ன டப்பாக் களிம்பு வாங்கிப் பூசினாள். போயிற்று. மறுபடி வந்தது. கிளினிக்கில் எக்ஸிமா என்றார்கள். அவர்கள் பார்த்த தோலை வைத்து வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. கையில் படை உள்ளவள் சுட்ட வடையை யார் வாங்கித் தின்பார்கள்? அந்தப் பயத்தில் அக்கா கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். கேட்டால் கொசு என்பாள்.

கடைசியில் கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரியின் தோல் டாக்டருக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி, என்னைவிட வயதில் சிறியவர், பேசும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். கையிலிருந்து கடலைப்பருப்பு அளவு தோலை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது என்னையும் உள்ளே கூப்பிட்டார். தோலில் டி-செல்கள் தேவைக்கு அதிகமாக இருக்கின்றன, அவற்றில் சில பார்க்கச் சரியாக இல்லை, ஆனால் இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். தோலில் வரும் டி-செல் லிம்போமாவாக இருக்கலாம், அது அரிதான புற்றுநோய் என்றார்.

அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தோடு, அது என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு குறுகுறுப்பும் இருந்தது. இதை வெளியில் சொல்லக் கூச்சம்தான், இருந்தாலும் உண்மை அது. டி-செல் என்றால் என்ன என்று கேட்டேன். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை, உடம்பின் காவல்காரன், கிருமியையும் கொல்லும், புற்றுநோய் செல்லையும் கொல்லும் என்றார்.

"அப்படியானால் அக்காவுக்குப் புற்றுநோய் வந்திருப்பது எந்த செல்லுக்கு?"

"அந்தக் காவல்காரனுக்கேதான்," என்றார் டாக்டர்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. ஏன் தோலில் வந்து உட்கார்ந்தது, ரத்தத்தில் ஓடாமல்? தோலைக் காப்பதற்கென்றே சில டி-செல்கள் அங்கே குடியிருக்கின்றனவாம். கெட்டுப்போன பிறகும் பழைய வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே பெருகுகின்றனவாம். சிலருக்குப் பல வருடம் தோலோடு நிற்கும், சிலருக்கு உள்ளே இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு எப்படி என்று கேட்டேன். முதலில் நோய் இதுதானா என்று தெரிய வேண்டும் என்றார்.

எங்கள் சபையில் ஓர் அங்கிள் இருக்கிறார். நுரையீரல் புற்றுநோய் முற்றி, பாடகர் குழுவிலிருந்து நின்று, நாங்கள் எல்லோரும் அவருக்காக அழுது முடித்த பிறகு, ஏதோ ஒரு புது மருந்தை டிரிப்பில் ஏற்றித் தேறிவிட்டார். இப்போது மறுபடியும் பாடுகிறார், முன்பைவிடச் சத்தமாக. அக்காவின் செய்தி காதில் விழுந்ததும் ஆராதனை முடிந்த கையோடு எங்களிடம் வந்தார்.

"நீங்க அந்த மருந்தக் கேளுங்க லா. எனக்கு உயிரு குடுத்த மருந்து அது. கேக்காம வுட்றாதீங்க."

அவ்வளவுதான். வாட்ஸ்அப் குழுவில் அந்த மருந்துக்காக ஜெபம் ஆரம்பமாயிற்று. ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கும் அதே மருந்து கிடைக்கும்படி செய்யும். நானும் ஆமென் போட்டேன், முழு மனதோடு. அக்கா பிழைக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது, இனி வாங்கித்தர வேண்டியதுதான் என்று நம்பினேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தாமதமாகும் போதெல்லாம் காரிலேயே உட்கார்ந்து ஃபோனில் தேடினேன். 'இம்யூன் செக்பாய்ண்ட்' என்று இருந்தது. செக்பாய்ண்ட் என்றதும் போலீஸ் சாலையை மறித்து நிற்பதுதான் மனதில் வந்தது. கொஞ்சம் புரிந்தது, நிறையக் குழம்பியது. அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

டி-செல்லின் மேல் ஒரு மூலக்கூறு இருக்கிறது, அதன் பெயர் பிடி-ஒன், அது ஒரு பிரேக் என்றார். காவல்காரன் வெறிபிடித்து நம் உடம்பையே அடித்துவிடாமல் இருக்க இயற்கை வைத்த பிரேக். தந்திரமான புற்றுநோய் செல் வந்து அந்த பிரேக்கை மிதித்துக்கொள்ளும். டி-செல் நின்றுவிடும். புது மருந்து போய் அந்தக் காலைத் தட்டிவிடும். டி-செல் மறுபடி ஓடிப் புற்றுநோயைத் தாக்கும். அங்கிளுக்கு நடந்தது இதுதான்.

என்னிடம் பிரேக்கைப் பற்றிச் சொன்னால் புரியாமல் இருக்குமா? "அப்படியென்றால் அக்காவுக்கும் அதைக் கொடுங்கள், டாக்டர்," என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் நோயில் இந்த பிரேக் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, முதலில் தெளிவான தோல்துண்டு வேண்டும், அதில் அந்த மூலக்கூறையும் தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். கையிலிருந்து மறுபடி ஒரு துண்டு எடுத்தார்.

அது முதல் துண்டைவிட மோசம். ஒன்றுமே தெரியவில்லையாம். டாக்டர் அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் வழவழவென்று இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தீப்பிடித்தது போல் சிவந்து கிடக்கும் கை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் எப்படி இவ்வளவு அழகாக இருக்கிறது? கார் டெஸ்ட் அன்று மட்டும் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, சாமியார் மாதிரி ஓட்டும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அக்காவின் தோலும் டெஸ்டுக்குத் தயாராகித்தான் வருகிறதோ என்று ஒரு சந்தேகம் விழுந்தது.

அடுத்த அப்பாய்ண்ட்மெண்டுக்கு முந்தைய நாள் நல்ல மழை. மாணவி வரவில்லை என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவின் அறைக்கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன். காற்றாடிக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி, இடுப்புவரை துணியில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலில் அந்தச் சீனக்கடை டப்பா, பக்கத்தில் தேங்காயெண்ணெய். அவளுடைய இடுப்பிலும் முதுகின் அடிப்பகுதியிலும் கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏண்டி, கதவத் தட்டிட்டு வர மாட்டே?"

"அக்கா, என்னாது இது?"

"ஒண்ணுமில்ல லா. குராப்புதான்."

"டாக்டருக்குக் காட்டுனியா?"

"கையக் காட்டுனேன்ல."

"இடுப்ப?"

"இடுப்ப எப்படிடி காட்றது? வெக்கமா இல்ல?"

டப்பாவை எடுத்துக் காட்டினேன். இது என்ன என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்விதான் புரியவில்லை.

"நாளைக்கி டாக்டரப் பாக்கணும்ல. கையில ஒரு வாரமா பூசறேன், அடங்கிருச்சு. அசிங்கமா போயி அவங்க முன்னால நிக்கச் சொல்றியா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபத்தை எழுத முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு நன்றாக இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோபம் அடங்கிய பிறகுதான் யோசித்தேன். நாங்கள் பத்து காஜா என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவரை டிரெஸர் என்போம். அவ்வப்போது லயத்துப் பிள்ளைகளை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை, வரிசையாக நிறுத்திக் கை, கால், தலை எல்லாம் பார்ப்பார். சொறி சிரங்கு இருந்தால் தனியாக நிறுத்தி ஊதா மருந்தைப் பூசிவிடுவார். அந்த ஊதா பல நாள் போகாது. அதுவரை அந்தப் பிள்ளையோடு ஒருவரும் விளையாட மாட்டார்கள். அதனால் டிரெஸர் வருகிறார் என்றால் அம்மா எங்களைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் போட்டு, மேனி பளபளவென்று அனுப்புவார். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வைத்தியர் முன்னால் போவது என்றால் நோயை வீட்டில் விட்டுவிட்டுப் போவது. சிரிக்காதீர்கள், பல் டாக்டரிடம் போகும் நாளில் நான் இன்றைக்கும் இரண்டு முறை பல் விளக்குகிறேன்.

மறுநாள் காரில் அக்கா எனக்கு உத்தரவு போட்டாள். "நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்." திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் வழக்கம்போல, தோலுக்கு ஏதாவது பூசுகிறீர்களா என்று கேட்டார்.

"தாக் அடா," என்றாள் அக்கா. ஒன்றும் இல்லையாம்.

வாயைத்தான் திறக்கக் கூடாது என்றாள். மேசைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன். அக்கா ஐயோ என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா என்னை முறைத்தாள், தலையைக் குனிந்தாள், பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதைப் பையிலேயே கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்கே புதுசு.

டாக்டர் திட்டவில்லை. டப்பாவை முகர்ந்து பார்த்து, இதில் வீரியமான மருந்து எதையாவது கலந்திருப்பார்கள், அது மேலே இருக்கிற செல்களை அடக்கி வைத்துவிடுகிறது, அதனால்தான் துண்டில் ஒன்றும் தெரியவில்லை என்றார். இனிச் சில வாரம் எதுவும் பூசாமல், எப்படி இருக்கிறதோ அப்படியே வரச் சொன்னார். பிறகு அக்காவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் இடுப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் பேனாவைத் தொடவில்லை.

அந்த வாரங்கள் பொல்லாதவை. பூச்சு நின்றதும் தோல் வெறிகொண்டு எழுந்தது. அக்கா அரிப்பில் பகலெல்லாம் நடந்தாள். கடையை மூடி, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வாடிக்கையாளர்கள் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் டப்பா எங்கே என்று கெஞ்சினாள். அதை நான் காரில் வைத்துப் பூட்டியிருந்தேன். கொடுக்கவில்லை. அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை.

இந்த முறை இடுப்பிலிருந்து எடுத்தார்கள். துண்டு கோலாலம்பூருக்குப் போனது. முடிவு வரும்வரை சபையில் எல்லோரும் அந்த மருந்துக்காக ஜெபித்தார்கள், நானும்தான்.

முடிவு தெளிவாக வந்தது. அதே நோய்தான். பெயர் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். பெயரைக் கேட்டால் பூஞ்சைக்காளான் என்று தோன்றும், ஆனால் பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தக் காலத்தில் முதலில் பார்த்த டாக்டர் கட்டிகள் காளான் மாதிரி இருக்கின்றன என்று வைத்த பெயராம். இன்னும் தோலோடுதான் இருக்கிறது, உள்ளே இறங்கவில்லை என்றார் டாக்டர். அப்பாடா என்று மூச்சு விட்டு, மருந்து எப்போது என்று கேட்டேன்.

அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நீலப் புள்ளிகளுக்கு நடுவே பழுப்பு வளையங்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பழுப்பாக இருப்பதெல்லாம் பிடி-ஒன், அந்த பிரேக் என்றார். பார்க்க அழகாகக்கூட இருந்தது. நான் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அப்படியென்றால் இவை காவல்கார செல்களா?"

"இல்லை. பெரும்பாலும் புற்றுநோய் செல்கள். இவையும் டி-செல்கள்தானே. பிரேக் இவற்றின் மேலும் இருக்கிறது."

சட்டென்று புரிந்துவிட்டது. எனக்குப் புரியாமலே இருந்திருக்கலாம். பள்ளத்தை நோக்கி முடுக்குகிற பிள்ளையின் காரில் நான் என் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? மருந்து போய் எந்த பிரேக்கை விடுவிக்கும், நல்ல செல்லுடையதா, கெட்டதுடையதா என்று கேட்டேன். மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றார் டாக்டர். இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு அது நன்மை செய்திருக்கிறது. டி-செல் புற்றுநோய்களில் வேறு சிலருக்கு நோயை அவிழ்த்துவிட்டிருக்கிறது. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் யாருக்கும் தெரியவில்லை. இப்போது உங்கள் அக்கா இருக்கும் நிலையில் அந்தப் பந்தயம் தேவையில்லை, நான் கொடுக்க மாட்டேன் என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு சபையே முழங்காலில் நின்று கேட்ட மருந்து. அக்காதான் அமைதியாக டாக்டரைக் கேட்டாள். அந்த செல்களெல்லாம் என்னுடையவையா, வெளியிலிருந்து வந்தவை இல்லையா என்று. உங்களுடையவைதான் என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினாள்.

காரில் வரும்போது, "நல்லவேள, நாம கேட்டது கெடைக்கல," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அங்கிள்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீ போயி சண்ட போடாத," என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். உங்களைக் காப்பாற்றினது என்னைக் கவிழ்த்துவிடலாமாம் அங்கிள், ஒரே மருந்துதான், என் நோய் வேறு என்று. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். திட்டு தெரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

அக்காவுக்குக் கிடைத்த வைத்தியம் ஒளி. ஆள் உயரப் பெட்டிக்குள் சுற்றிலும் விளக்குக் குழல்கள். உடுப்பைக் களைந்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, உள்ளே நிற்க வேண்டும். புற்றுநோய் என்றபோது அழாதவள், உடுப்பைக் களைய வேண்டும் என்றபோது அழுதாள். முதல் நாள் நான் வெளியே உட்கார்ந்து எந்தச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து காரில் ஏறினாள்.

"துணி மாத்துற ரூம்ல ஆளு ஒசரத்துக்குக் கண்ணாடி இருக்குடி," என்றாள். "எம் முதுக நான் பாத்ததே இல்ல. இவ்ளோ இருக்குன்னு தெரியாது."

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு. உனக்கு?"

"இருக்கு," என்றேன். முதல் முறையாக இருவரும் அதைச் சத்தமாகச் சொன்னோம்.

ஒளி வேலை செய்கிறதா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். முன்பக்கம் அக்காவுக்குத் தெரியும், பின்பக்கம் தெரியாது. நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், என்னை அவள் அறைக்குக் கூப்பிட்டாள். சன்னல் திறந்திருந்தது, வெளிச்சம் நன்றாக விழுந்தது. சட்டையைக் கழற்றி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பாத்துச் சொல்லு. எனக்கு ஆறுதல் சொல்றேன்னு பொய் சொல்லிராத."

பார்த்தேன். குறைந்திருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது.

"இடுப்புல ரெண்டும் மங்கியிருக்கு," என்றேன். "தோளுக்குக் கீழ புதுசா ஒண்ணு வந்திருக்கு."

"எந்தத் தோளு?"

விரலை அதன் மேல் வைத்தேன்.  அவள் தன் கையைப் பின்னால் வளைத்து, என் விரலைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "நாளைக்கி டாக்டருக்கு மொதல்ல இதத்தான் காட்டணும்."